பெயரை மட்டும்

எஃப் டூ, கண்ட்ரோல் சி, எஸ்கேப்.
ஒரு பெயருக்கு மூன்று தட்டு.
ஒட்டுசுட்டான் காணிக் கிளையில்
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு ஸ்கேன்.

மூன்றாம் நாள் விரல் வழுக்கி
முத்தையன்கட்டு வலதுகரை அனுமதிப்பத்திரம் ஒன்று
வெறும் 'வ' ஆனது.
தேடிப் பிடிக்க இரண்டு பிளேன்ரீ.

அன்றிரவு கரண்ட் இல்லை.
மடிக்கணினியில் மிஞ்சிய பதினொரு வீதத்துக்குள்
ஆறு வரி எழுதினேன்.
தெரிவு செய், ஒரே தட்டு,
பெயரெல்லாம் வரிசையாய் கிளிப்போர்டில்.
காலையில் கோகுலவாணி அக்கா
எக்செலில் ஒட்டிப் பார்த்து
"இவ்வளவு நாளும் என்ன செய்தனீர்?" என்றா.

பத்து மணிக்குச் சபாநாதர்,
சிகரெட் பெட்டி மட்டையில் இலக்கத்தோடு.
இருக்கு ஐயா, உங்கட பேர் இருக்கு,
தகப்பன் பேர், துண்டு இலக்கம்,
எழுத்துப் பிசகாமல்.

திறந்தேன்.
பூச்சியம் கிலோபைட்.

அவர் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.
"பேர் வந்திட்டுது தானே தம்பி?"
வந்திட்டுது.

ஏழாவது வரியும் எழுதிவிட்டேன்:
கோப்பு வெறுமை என்றால்
நகலெடுக்காதே,
சத்தம் போடு.

மத்தியானத்துக்குள் நாற்பத்தொரு தடவை.
அக்கா இன்னும்
ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லவில்லை.