பதினேழாவது அம்பு

அரை லிட்டர் வெள்ளை எனாமல்,
ஒன்றரை அங்குல பிரஷ்,
துடைக்க ஒரு பழைய லுங்கித் துண்டு.
பிரான்மலைக்கு நாங்கள் வழி போட்ட அன்று
என் பையில் இருந்தது இவ்வளவுதான்.
சோறு சிக்கந்தர் பையில்.
தண்ணீர் எல்லோர் பையிலும் இருந்து
பத்து மணிக்கு யார் பையிலும் இல்லை.

காரைக்குடியிலிருந்து ஒன்பது பேர்.
தை மாதப் பழனி நடைக்கு
ஆனியிலேயே கால் பழக்குகிற இருவர்,
டாக்டர் சொல்லி வந்த ஒருவர்,
ஏன் வந்தேன் என்று கடைசிவரை சொல்லாத முத்துக்கருப்பி.
நான் வங்கியில் நகை மதிப்பீட்டாளர்.
நாளெல்லாம் உரைகல்லில் தங்கம் இழுக்கிற கை,
கல்லும் கோடும் உனக்குப் புதுசா என்று
பிரஷ்ஷைக் கொடுத்துவிட்டார்கள்.

கோயில் மதில் தாண்டி முதல் அம்பு.
பிறகு, ஒன்றிலிருந்து பார்த்தால்
அடுத்தது தெரிகிற தூரத்தில் ஒவ்வொன்று.
பாறை கொதித்தது.
வைத்த உடனே பெயிண்ட் தோல் கட்டியது.
ஒன்பதாவதில் ஓர் ஓணான் ஏறி நின்று
தலையாட்டிச் சரிபார்த்தது.

பதினேழாவதில் பிசகினேன்.
சூரைமுள் துப்பட்டாவை இழுக்க,
திரும்பி, விடுவித்து, மறுபடி குனிந்தபோது
வலம் இடமாகிவிட்டது.
யாரும் பார்க்கவில்லை.
உச்சியில் தர்கா நிழலில்
சட்டை உலர, புளிச்சோறு தின்றோம்.
கீழே அது
தன் பாட்டுக்குத் தப்பைச் சொல்லிக்கொண்டிருந்தது.

எட்டாம் நாள்,
போனில் படத்தைப் பெரிதாக்கும்போது தெரிந்தது.
அடுத்த மாதம் போகையில் அழித்துக்கலாம் என்றார் சிக்கந்தர்.
அடுத்த மாதம் ஆடிட்.
அப்புறம் மகளுக்குப் பரீட்சை.
அப்புறம் மழை, மழை.
இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொள்வேன்.
டார்ச் அணைந்த யாரோ
என் கையெழுத்தை நம்பி
இடப்பக்கம் திரும்புகிறார்.
பதினெட்டு காரட்டை இருபத்திரண்டு என்று
சீட்டு எழுதினால் வருமே,
அந்த வியர்வை.

மார்கழியில் தனியாகப் போனேன்,
தின்னர் ஒரு பாட்டில்,
டப்பாவின் அடியில் மிச்ச எனாமல்.
அம்பு அங்கேயேதான் இருந்தது.
அதற்கப்பால் புல் படுத்திருந்தது.
ஆட்டுப் புழுக்கை. பிஸ்கட் தாள். செருப்புத் தடம்.
இன்னும் மூன்று அம்புகள்,
யாரோ செங்கல்லால் இழுத்தவை,
என்னுடையதைப் பார்த்து எழுதியதுபோல்
வால் சற்று வளைந்து.

பாட்டிலைத் திறக்காமல் நடந்தேன்.
பத்து நிமிடம், அல்லது அரைமணி.
பாறை குடைபோல் நீண்ட இடத்தில்
ஒரு கூடாரம்.
கல்யாணப் பந்தல் துணி, சிவப்பும் மஞ்சளும்,
ஓரத்தில் தலைகீழாய்
‘சாத்தப்பன் சாமியானா, கல்லுக்கட்டி.’
மூன்று கல் அடுப்பு, அதில் நூடுல்ஸ்.
இரண்டு பெண்கள்.
சிங்கம்புணரியில் ஏதோ ஆலையில் கணக்கு எழுதுகிறவர்களாம்,
லீவு போடக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறார்களாம்.
‘நீங்களும் சுனைக்கா அக்கா?’

எனக்கு எந்தச் சுனையும் தெரியாது.
கூட்டிப்போய்க் காட்டினார்கள்.
பாறைக் குழிவில் இடுப்பளவு தண்ணீர்,
ஒரு தவளை, மிதக்கிற ஆலிலை.
குடித்தேன். லேசாக இரும்பு ருசி.
‘அம்பு போட்டவங்க விவரமானவங்க,
தண்ணி இருக்கிற பக்கம் பார்த்துப் போட்டிருக்காங்க’
என்றாள் உயரமானவள்,
நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே.
ஒரு தட்டு எனக்கும் வந்தது.
வாய் நிறைய இருந்ததால்
எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இறங்கும் வழியில்
பதினேழாவதின் முன் குந்தினேன்.
அழிக்கவில்லை.
பக்கத்தில், வலப்பக்கம் பார்த்து,
முதுகோடு முதுகாக இன்னொன்று.
எது உச்சிக்கு, எது சுனைக்கு
என்று எழுதப் பெயிண்ட் போதவில்லை.
எண் மட்டும் கொடுத்தேன்,
நம் தெருக்களில் வீடு பிரிந்தால் செய்வதுபோல:
பதினேழு பை ஒன்று.