இரண்டு கோடுகள்

மூன்றாவது கேம் சென்சாரையும் வாங்கி வந்துவிட்டான் ருஃபினோ,
எல் ஆல்டோ ஞாயிற்றுச் சந்தையில்,
காலுறைகளுக்கும் கைபேசி உறைகளுக்கும் நடுவே பொறுக்கி.
டப்பாவில் ஜப்பான் என்றிருக்கிறது,
எழுத்துப்பிழையோடு.

அதை அப்படி ஓரமாக வை, என்றேன்.

ஸ்கேனர் சொன்னது ஓர் எண்.
அது குற்றவாளியின் பெயரல்ல;
சண்டை எந்தத் தெருவில் என்பது மட்டும்.

ஒயர்களில் ஊசி செருகி
ஆஸிலோஸ்கோப்பைத் தட்டினேன்.
சாவியைத் திருப்பு.
மினிபஸ் நாலு முறை இருமிப் பிடித்தது.

மேலே கிராங்க்:
முப்பத்து நான்கு பல், பிறகு பொக்கை.
இல்லாத அந்த இரண்டு பல்லை வைத்துத்தான்
தான் எங்கே நிற்கிறோம் என்று
இஞ்சினுக்குத் தெரிகிறது.
கீழே கேம்:
அது இரண்டு சுற்றுக்கு மூன்று மேடு.

இரண்டு கோடும் சுத்தம். நடுக்கமில்லை, விடுபடலில்லை.
ஆனால்
பொக்கையிலிருந்து எண்ணி வந்தால்
மேடு தன் பல்லில் இல்லை,
ஒரு பல் பிந்தி நிற்கிறது.

"அப்ப எது பொய் சொல்லுது, நெலிடா?"

எதுவுமில்லை.
உள்ளே டைமிங் செயின் நீண்டு தொய்ந்துவிட்டது.
இரண்டும் பார்த்ததைத்தான் சொல்கின்றன.
ஆறு வாரமாக
நீ சாட்சியை மாற்றிக்கொண்டிருந்தாய்.

கோக்கா இலையை
இடக் கன்னத்திலிருந்து வலக் கன்னத்துக்குத் தள்ளினான்.
செயின் விலையைக் கேட்கவில்லை.
டப்பாவை எடுத்து, மூடியை அழுத்தி,
பிரிக்காதது போலவே ஆக்கிப் பார்த்தான்.

"திருப்பி எடுத்துக்குவானா?"

சந்தை இனி வியாழக்கிழமைதான்.