அளவு

திங்கள், புதன், வெள்ளி.
காலை ஆறே முக்கால்.
யீஷூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளம்,
பாலர் பள்ளிக்கு அடுத்த கண்ணாடிக் கதவு.
முதலில் எடை.
இரண்டரைக் கிலோ கூடியிருந்தால்
எய் தாண்டா புருவத்தை மட்டும் தூக்குவாள்.
நேற்று ரசம் குடித்தது
அவளுக்குத் தெரிந்துவிடும்.

பதினேழு வருஷம் பேருந்து ஓட்டியவள் நான்.
இப்போது என் ரத்தம்தான்
குழாய் வழியே புறப்பட்டு
ஊரைச் சுற்றி
இன்டர்சேஞ்சுக்குத் திரும்புகிறது.
நான்கு மணி நேரம்.
மணி அடித்தாலும் இறங்க முடியாத பயணி.

வேலையை விட்ட அன்று டிப்போவில் கேக் வெட்டினார்கள்.
'உடம்பைப் பாத்துக்குங்க' என்றார்கள்.
அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
வேறெதையும் பார்க்க நேரமில்லை.

பக்கத்து நாற்காலி கோ சுவீ ஹெங்.
அவருக்குத் தமிழ் தெரியாது.
எனக்கு ஹொக்கியனில்
சாப்பிட்டாச்சாவும் மூன்று கெட்ட வார்த்தையும் தெரியும்,
பயணிகள் உபயம்.
மிச்சத்துக்குப் பாசார் மலாய்.

முதல் வாரம், ஊசிக்குப் பயந்து
எடை வரிசையிலேயே நான் அழுதபோது
அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.
சட்டைக்கையைச் சுருட்டி
கையை என் காதருகே நீட்டினார்.
தோலுக்கடியில்
நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தின் உறுமல்.
'எஞ்சின்' என்றார்.
என் கையையும் காட்டினார்.
அன்றிரவு போர்வைக்குள்
என் கையை நானே கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.
ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எதிர் நாற்காலி ரோஹாயா.
வசந்தம் பார்ப்பாள்,
தமிழ் தெரியாமலே வில்லியைத் திட்டுவாள்.
தண்ணீரைக் குடிக்காதே, உறையவை என்றாள்.
ஒரு ஐஸ்கட்டி, ஒரு எபிசோடு.
விளம்பரம் வந்தால் இன்னொன்று,
அதை நர்ஸிடம் சொல்லாதே.

கோவின் புளோக்குக்குப் பின்னால்
அவர் வளர்த்த பெலிம்பிங் மரம்.
குறுக்கே அரிந்தால் நட்சத்திரம்.
சிறுநீரகம் போனவர்களுக்கு அது விஷம்,
சுவரில் படமே ஒட்டியிருக்கிறது
சிவப்புப் பெருக்கல் குறியோடு.
அந்தப் படத்துக்குக் கீழேதான்
பை நிறையக் கொண்டுவந்து வைப்பார் நர்ஸ்களுக்கு.
எய் தாண்டா உப்பு தொட்டுக் கடிப்பதை
ஊசி குத்திய கையோடு நாங்கள் மூவரும் பார்ப்போம்.
'மானிஸ்?' என்று கேட்பார்.
ஒவ்வொரு முறையும் கேட்பார்.
இனிப்பு என்று அவள் சொன்ன பிறகுதான்
கண்ணை மூடுவார்.

ஒரு புதன்கிழமை நாற்காலி காலி.
வெள்ளியும்.
இங்கே யாரும் எதையும் அறிவிப்பதில்லை.
எய் தாண்டா அந்த நாற்காலியை
இரண்டு முறை துடைத்தாள்.
திங்களன்று அதில்
டை கட்டிய ஒருவர்,
சுவர்ப் பக்கம் திரும்பியபடி.

நானும் ரோஹாயாவும் மரத்தைத் தேடிப் போனோம்.
வழியில் இரண்டு முறை உட்கார்ந்தோம்.
அவளுக்கு முட்டி, எனக்கு மூச்சு.
மரம் நாங்கள் நினைத்ததைவிடக் குட்டை.
அடியில் அவருடைய மைலோ டப்பா,
கைப்பிடி உடைந்த வாளி.
ஒரு வாரமாக மழை இல்லை.

எனக்கு ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி.
மாத்திரைக்கு, காப்பிக்கு,
சோற்றில் ஒளிந்திருக்கும் நீருக்கும் சேர்த்து.
மரத்துக்கு எவ்வளவு என்று
யாரும் எழுதிவைக்கவில்லை.
ஊற்றினேன்.
மண் மடக் மடக்கென்று குடித்தது.
எச்சில் விழுங்கிக்கொண்டு
இருவரும் கேட்டோம் அந்தச் சத்தத்தை.
'லாகி' என்றாள் ரோஹாயா.
இன்னொரு வாளி.
இன்னொன்று.
செருப்பு நனைந்தது, பாவாடை நனைந்தது,
எங்கள் எடையில் ஒரு கிராமும் ஏறவில்லை.

புதனன்று படத்துக்குக் கீழே ஐந்து பழம் வைத்தோம்.
எய் தாண்டா ஒன்றை எடுத்து
வெகுநேரம் கையில் வைத்திருந்தாள்.
பிறகு கடித்தாள்.
யாரும் கேட்கவில்லை.
அவளே சொன்னாள்:
'கொஞ்சம் புளிப்பு.
அடுத்த வாரம் பழுத்துவிடும்.'