பல்லைக் கடித்துக்கொண்டு

ஜனவரி முழுக்க சுன்வோருக்குக் கடைவாயில் வலி.
இடது பக்கம், கீழே.
கிளாக்ஸ்விக் மீன் தொழிற்சாலையில்
என் வலப்பக்கம் நிற்கிறவள்.
பத்தொன்பது வருடமாக நான் தோல் உரித்து அனுப்ப
அவள் முள் எடுக்கிறாள்.

படியேறினால் வலிக்கும், நின்றால் நிற்கும்.
படியேறினால் வலிக்கிற பல்லை
யாராவது பார்த்ததுண்டா?
எங்களுக்குத் தோன்றவில்லை.
கிராம்பை அதக்கிக்கொண்டு வேலைக்கு வந்தாள்.
முதுகில் ஏதோ அழுத்துகிறது என்றாள்.
பெட்டி தூக்கியதால் என்றேன்.
குமட்டுகிறது என்றாள்.
ஐம்பத்து மூன்று வயசு, இனி அப்படித்தான் என்றேன்.
எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

மாரடைப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.
அது ஆண்களுக்கு வருவது.
படகுத்துறையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு,
எல்லோரும் பார்க்க விழுவார்கள்.
அவள் கணவன் ஹானுஸ் அப்படித்தான் விழுந்தான், பிழைத்தான்.
அன்றிலிருந்து அவனுக்கு உப்பில்லாமல் சமைத்துவிட்டு
அடுப்படியில் நின்றபடியே
மிச்சமிருந்த உப்புக்கண்டத்தையெல்லாம்
இவள் தின்று தீர்த்தாள்.
வீணாக்கலாமா?

பல் டாக்டர் ரன்வா விளக்கை இழுத்துப் பார்த்தாள்.
இருபத்தெட்டுப் பல்லும் கெட்டி.
கண்ணாடியை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:
"படியேறும்போது மட்டுமா?"
பிறகு கையுறையைக் கழற்றாமலே போனை எடுத்தாள்.

ஆம்புலன்ஸ்காரரிடம் சுன்வோர் சொன்னாளாம்:
"ஷிப்ட் முடிய இரண்டு மணி நேரம்தான்,
முடித்துவிட்டு வரட்டுமா?"

பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று
எத்தனை பேர் சொல்லியிருப்போம் அவளுக்கு.
அவளும் கடித்தாள்.
மாமியாரின் படுக்கைக்கு, கடன் தவணைக்கு,
இரவு ஷிப்டுக்கு, கடலுக்குப் போன மகனுக்கு.
கடைசியில் இதயம் ஆள் தேடி வந்தபோது
அந்த வீட்டில் அதற்குத் தெரிந்த ஒரே கதவு
அந்தத் தாடைதான்.
அதைத் தட்டியது.

இப்போது அவள் ரத்தக்குழாயில் ஒரு சின்ன வலை.
"ஒரு மீனும் படாத வலை" என்கிறாள்,
சிரிக்கும்போது கை தானாக மார்புக்குப் போகிறது.

தேநீர் அறையில், சர்க்கரை டப்பா இருந்த இடத்தில்,
ரத்த அழுத்தக் கருவியைக் கொண்டுவந்து வைத்தாள்.
பத்து நாள் யாரும் தொடவில்லை.
துணியால் மூடிக்கூட வைத்தார்கள்.
பதினொன்றாம் நாள், ஆளில்லாத நேரம் பார்த்து
இரண்டு ஸ்வெட்டரையும் சுருட்டிக் கையை நீட்டினேன்.
நூற்று அறுபத்தெட்டு.
ஆளில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.
"எனக்குத் தலைகூட வலிக்கவில்லையே" என்றேன்.
கத்தியைத் துடைத்தபடி வாசலில் நின்றவள்
"எனக்கும் பல் வலிக்கவில்லை" என்றாள்.

வியாழக்கிழமை எனக்கு டாக்டரிடம் நேரம்.
அவள் குறித்துக்கொடுத்தது.
இடைவேளையில் துறைமுகக் கோடிவரை நடக்கிறோம்.
மலையிலிருந்து இறங்கும் காற்று
பேச்சைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு போகிறது.
நடுவில் சில நாள் அவள் நின்றுவிடுவாள்.
மூச்சா, படகு பார்க்கவா, தெரியாது.
"என்ன செய்கிறது?" என்று கேட்கிறேன்.
கேட்டுவிட்டு,
அவள் சொல்லும்வரை
வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்.