பக்கம்தான்

அப்பாவின் காமிராவில் யாரும் இல்லை.
நாற்பது வருடம் ஊர் ஊராகப் போய்வந்த மனிதர்
கொண்டுவந்ததெல்லாம் காலி பெஞ்சுகள்.

காஸ்த்ரோவில் தேவாலயத்துக்கு வெளியே ஒன்று,
முதுகுப் பலகையில் யாரோ பேனாக்கத்தியால் கீறிய
இரண்டு பெயர்களோடு.
தெமூக்கோ ரயிலடியில் ஒன்று.
அரிக்காவில் பெஞ்சு கிடைக்கவில்லை போலிருக்கிறது,
கவிழ்த்துவைத்த ஒரு படகு.
புயெர்த்தோ மோன்டில் மீன்கடைக்குப் பின்னால்
தலைகீழாய் ஒரு பிளாஸ்டிக் கூடை.

"பின்னால் கடல், இடப்பக்கம் எரிமலை,
இந்த மனுஷன் எடுத்தது கூடையை"
என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாள் அம்மா.
சிரிப்புக்குள் நிஜக் கோபம் கொஞ்சம் இருக்கும்,
தன்னை ஒரு படம்கூட எடுக்கவில்லையே என்று.

அவர் போனது ஜூனில்.
புந்தா அரேனாஸில் அப்போது பகல் ஏழரை மணிநேரம்.
மிச்சத்துக்கு அடுப்பருகே
பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டாள்.
ஸ்கேன் செய்து தருகிறேன்,
நல்லதை மட்டும் வைத்துக்கொள்வோம் என்றேன்.
நல்லது எது என்று கேட்டாள்.
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

படங்களின் பின்புறம் பென்சிலில் எண்கள்.
64. 118. 31.
ஒளி அளவு என்றான் தம்பி லெயாந்த்ரோ.
பிரிண்ட் போட்ட செலவு என்றேன் நான்.
அப்பாவை அறிந்தவர்கள் என் பக்கம் நின்றார்கள்.

அம்மா மத்தே குவளையை இறக்கி வைத்துவிட்டு
ஒரு படத்தை விளக்கருகே கொண்டுபோனாள்.
"இது ஈரமாக இருந்தது. கோட்டை மடித்துப் போட்டார்."
அடுத்தது.
"இதில் ஆரஞ்சு தின்றேன். நீ வயிற்றில்."
அடுத்தது.
"இதில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை."

அம்மாவுக்கு இடது இடுப்பு பிறவியிலேயே கோணல்.
வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை.
மேசைக்கால் ஆடினால்
அட்டை மடித்துச் செருகிவிட்டுச் சாப்பிடுவோமே,
அப்படி.

அப்பா செம்மறிப் பண்ணைகளுக்கு வேலி அளந்தவர்.
காலால் அளப்பார்.
சங்கிலி பிறகுதான் வரும், அவரைச் சரிபார்க்க.
பேருந்து நின்றதும் எங்களை விட்டுவிட்டு
விறுவிறுவென்று முன்னே போய்விடுவார்.
"ஊர் பார்க்க அவ்வளவு அவசரம்" என்று முனகுவாள் இவள்.
திரும்பி வந்து,
"வா நெலிதா, பக்கம்தான்" என்பார்.

பக்கம்தான்.
அறுபத்து நான்கு.
நூற்றுப் பதினெட்டு.
முப்பத்தொன்று.

அம்மா அழுதாள் என்று எழுதினால் கவிதைக்கு வசதி.
அழவில்லை.
"அறுபத்து நான்கா? எனக்கு நூறுக்கு மேலே இருக்கும்.
அவருக்குக் கால் நீளம்" என்றாள்.

செப்டம்பரில்,
ஆட்கள் பிடித்து நடக்கத் தெருமுனையில்
கயிறு கட்டுகிற காற்றில்,
அவர் காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.
கல்லறைத் தோட்டத்து வாயிலிலிருந்து
கத்தரித்துவிட்ட சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே
எண்ணிக்கொண்டே நடந்தாள்.
நான் பின்னால். பேசக் கூடாது.

இருநூற்றுப் பன்னிரண்டு.
வழியில் உட்கார ஓர் இடம் இல்லை.
அலுவலகத்தில் போய்ச் சண்டை போட்டாள்.
மனு எழுதித் தரச் சொன்னான் அங்கிருந்த பையன்,
மூன்று பிரதி.

மறு ஞாயிறு
தூண்டில்காரர்கள் வைத்திருக்கும் மடக்கு முக்காலி ஒன்றை
நான் தூக்கிக்கொண்டு போனேன்.
பாதி வழியில் விரித்தேன்.
உட்கார்ந்தாள். மூச்சு வாங்கினாள்.
எழுந்து நின்று, என்னைத் தள்ளிப் போகச் சொல்லி,
காமிராவைக் கண்ணில் வைத்தாள்.
அதற்குள் காற்று வந்துவிட்டது.

கழுவி வந்த படத்தில் பாதி அவள் கட்டைவிரல்.
மீதியில்
ஒருக்களித்து ஓடிக்கொண்டிருக்கும் முக்காலி.
பின்புறம் 212 என்று எழுதி, அடித்து,
209 என்று எழுதியிருக்கிறாள்.

அந்த மூன்றடி எங்கே போயிற்று?
புல்லில் குறுக்கே நடந்தாளா,
எட்டிப் போட்டாளா?
சங்கிலியை எடுத்துக்கொண்டு
நான் போகப்போவதில்லை.