களத்துக்குச் சென்ற தூரம்

ஹட்டனில் ஞாயிறு வகுப்பு.
முதல் பஸ்ஸைத் தவறவிட்டால்
சமூக அடுக்கமைவு பாதியில்தான் கிடைக்கும்.

ஒப்படை மூன்று:
விளிம்புநிலைக் குடும்பமொன்றை நேர்காணல் செய்க.
களத்துக்குச் சென்ற தூரத்தையும் குறிப்பிடுக.

பக்கத்துக் காம்பரா மரியாயி அக்கா
அட்டை கடித்த காலுக்குச் சவர்க்காரம் தேய்த்தபடி
என்னைக் கேட்டாள்:
"முழுப்பேருக்கு எத்தனை கிலோன்னு
ஒன் பொஸ்தகத்துல இருக்கா?"

இல்லை.

வீட்டில் எத்தனை பேர் என்றேன்.
கொழும்புக் கடையில் நிற்கும் மகனைச்
சேர்ப்பதா விடுவதா,
ரொட்டி கருகும்வரை யோசித்தாள்.

ஆறு என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரவு
போன் வெளிச்சத்தில் பிரதி எடுக்கையில்
கூரையைத் தொடாத சுவருக்கு அப்பாலிருந்து குரல்:
"ஏழுன்னே போடு புள்ள.
தீபாவளிக்கு வருவான்தானே."

ஆறை அடித்தேன்.

தூரம்:
முக்கால் சுவர்.

அலகு பிழையென்று
புள்ளி வெட்டலாம்.