இடவப்பாதியில் ஒரு வெயில் ஆல்பம்

ஒன்பது பாட்டிலும் வெயில் அடிக்க வேண்டும்
என்று நீதான் சொன்னாய், சுஜின்.
கருங்கலில் ரப்பர் ஷீட் கடைக்கு மேலே
நமக்கு அறை கிடைத்த அன்று
மழை தொடங்கியது.

ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தினோம்.
கதவிடுக்கில் உன் பழைய கைலி.
கீழே அடுக்கிய ஷீட்டின் புகைவாசம்
படியேறி வந்து மைக்கருகில் உட்கார்ந்தது.
வாசம் பதிவாகாது என்றாய்.
இப்போதும் மூன்றாம் பாட்டைக் கேட்டால்
எனக்கு மூக்கு அரிக்கிறது.

மார்த்தாண்டம் பஸ் வளைவில் ஹாரன் அடித்த பிறகு,
பள்ளிக்கூட மணிக்கு முன்,
மழை மூச்சு வாங்கும் நாலு நிமிஷம்.
அதற்குள் நீ உகுலேலேயை முறுக்கி
நான் தொண்டையைச் செருமி
வெயிலே வெயிலே என்று வாயைத் திறக்க,
பின்னறைத் தகரத்தில்
முதல் துளி.
"எளவு" என்பாய்.
பதினேழு கோப்புகளில் இருக்கிறது அந்த எளவு,
எல்லாம் ஒரே சுருதியில்.

மழைக்காலத்தில் ரப்பர் மரத்துக்குக் கட்டுவார்களே
பிளாஸ்டிக் பாவாடை,
அதில் ஒன்றை வீட்டுக்காரர் தங்கையனிடம் கேட்டு வாங்கி
மைக்குக்குக் கட்டினாய்.
அவருடைய பால் சிரட்டை இரண்டில்
சிறுபயறு போட்டு மூடி ஒட்டி
நான் குலுக்கினேன்.
எட்டாம் பாட்டுக்கு வெயில் தேடி
முட்டம் வரை பைக்கில் போனோம்.
பாறை நனைந்திருந்தது. கடலும் நனைந்திருந்தது.
பொரித்த சாளை தின்றுவிட்டுத் திரும்பினோம்.

காதல் பாட்டை யாரை நினைத்துப் பாடுவது என்று
எனக்குக் குழப்பம் வந்ததே இல்லை,
நீ எதிரில் உட்கார்ந்து
அந்த 'நீ'யைக் கொஞ்சம் தாழ்த்திப் பாடு
என்று சொல்லும் வரை.
இருபத்திரண்டாம் தடவையில்
'நீ' யாரோ ஒரு ஆள்.
கரண்ட் பில் கட்டாதவன்.
என்னைக் கேட்காமல் என் பல்லவியில்
இரண்டு வரி வெட்டியவன்.
ஐந்தாம் பாட்டு பதிந்த நாள் முழுக்க
நாம் பேசிக்கொள்ளவில்லை.
ஆல்பத்திலேயே குதூகலமான பாட்டு அதுதானாம்.
கேட்டவர்கள் சொல்கிறார்கள்.

தக்கலையில் மிக்ஸிங் பார்த்த ஷிபு
"கொள்ளாம்" என்றான்.
அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு,
"உனக்க டிராக்குல பயலுக்க சத்தம் கசியுது பெனிலா,
எடுத்துட்டு வா."

ராத்திரி நீ தூங்கிய பிறகு
உன் டிராக் எல்லாவற்றையும் அணைத்தேன்.
உகுலேலே போயிற்று, உன் குரல் போயிற்று.
என் குரல் மட்டும்
குளித்துவிட்டு வந்தவள் மாதிரி நின்றது.
அதற்கடியில் நீ.
என் ஹெட்போனிலிருந்து வழிந்து
கொசு அளவுக்கு ஒரு பாட்டு.
நான் மூச்செடுக்கும் இடத்திலெல்லாம்
உன் முழங்கால் தாளம்,
பிளாஸ்டிக் நாற்காலியின் கீச்சு.
ஐந்தாம் பாட்டில்
நான் உச்சத்துக்கு ஏறும் அந்த ஆறு நொடி மட்டும்
நாற்காலி கீச்சவில்லை.
கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாய்,
எனக்கு ஞாபகம் இருக்கிறது.
ஆனாலும் அசையாமல் இருந்திருக்கிறாய்.

அறுத்துப் பார்த்தேன்.
கத்தி பட்ட இடத்தில்
என் குரல்தான் மெலிந்தது.
அப்படியே விட்டுவிட்டு
ஷிபுவிடம் எடுத்தாச்சு என்றேன்.
உன்னிடம் இன்னும் சொல்லவில்லை.

வெளியிட்ட ராத்திரி விடிய விடிய
எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம்.
இருநூற்றுப் பதினொன்று.
அதில் நாற்பது என் தம்பி ஜெனிஷ்.

மறுநாள் பதினொன்றரைக்கு
சாத்திய மெத்தையின் ஓரத்தில்
மஞ்சளாக ஒரு கோடு.
கீழே தங்கையன் கொடிகளில் ஷீட் விரித்து முடித்து
சாயா குடிக்கவே போய்விட்டார்.
நமக்கு வாளியில் மூன்று நாள் ஈரத்துணி.
எழும்பு டே,
இது எவ்வளவு நேரம் நிற்குமோ.